யாருக்கு முத்தம் கொடுத்தாய்

ஸ்டுட்கார்ட், 1972 மார்ச் 14

அன்புள்ள நெகோவனுக்கு,

உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுகிறேன்.

ரயிலில் கால் நீட்ட இடமில்லை. பெட்டி முழுக்க ஜெர்மனிக்கு வேலைக்குத் திரும்பும் நம் யுகோஸ்லாவிய ஆட்கள்தான். ஆளுக்கொரு உப்புக்கண்டம், ஆளுக்கொரு பிளம் சாராயப் புட்டி. ஸாக்ரெப் வரை ஒரே பாட்டு. ஆஸ்திரிய எல்லை வந்ததும் எல்லோரும் வாத்தியாரைப் பார்த்த பிள்ளைகள் மாதிரி அடங்கிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே வேலை. அதே ரேடியோப் பெட்டிகள், அதே ஈயப் புகை.

விடுதி அறைக்குள் நுழைந்ததுமே அறைத்தோழி அன்கிட்சா என் உதட்டுப் புண்ணைப் பார்த்து ஆரம்பித்துவிட்டாள். "என்னடி, புருஷன் கடிச்சு வெச்சுட்டானா?"

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு உதட்டுல இப்படி வரும்டி. அலைஞ்சா வரும், தூக்கம் கெட்டா வரும்."

"நம்பிட்டேன், நம்பிட்டேன்" என்றாள்.

இப்போது பொருக்கு உதிர்ந்துவிட்டது. உன்னைத்தான் திட்ட வேண்டும். ஸ்டேஷனில் நான் எத்தனை சொன்னேன், "வேணாம், புண்ணு பாக்கவே அசிங்கமா இருக்கு, கன்னத்துல குடு போதும்" என்று. "கன்னத்தை ஊருக்கே குடுக்கிறே. எனக்குன்னு ஒண்ணு வேணாமா? ஜூலை வரைக்கும் நான் எதை வெச்சு ஓட்டுறது?" என்று கேட்டாயே. டிக்கெட் பரிசோதகர் சிரித்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. ஆனாலும் நீ வாங்கிய முத்தம் உதட்டிலேயே இருக்கட்டும் என்று ரொம்ப நேரம் யாரோடும் பேசாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? இரவில் சன்னலைத் திறக்கச் சொன்னால் திறக்காதே. பட்டாளத்துக்குப் போகிற பையன்களுக்கு வழியனுப்பு விழா தொடங்கியிருக்குமே. உன் ட்ரம்பெட்டுக்கு இனி ஓய்வு இருக்காது. குளிரில் தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு வாசி.

மாமாவின் கைக்கு என் முத்தம்.

உன் கோசரா


டுபோவாக், 1972 மார்ச் 20

என் கோசரா,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் இருமல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேட்டால், "அது இருமல் இல்லடா, தாளம்" என்கிறார்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. லேசாகக் காய்ச்சல். காற்றுப் பட்டிருக்கும். நேற்று மேலைத் தெருவில் ஒரு பையனின் வழியனுப்பு விழா. நான் போகவில்லை. என் இடத்தில் முதல் ட்ரம்பெட்டை நம் குழு மிலிசாவ் வாசித்தான். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "நாப்பது டிகிரிக் காய்ச்சல்ல நான் மூணு நாள் கல்யாணத்துக்கு ஊதியிருக்கேன். இவனுக்கு லேசா சுட்டா படுத்துக்கணும்" என்று அடுப்பங்கரையிலிருந்தே கத்தினார். பிறகு தேன் போட்டுப் பால் கொண்டுவந்து கொடுத்தார். பாதிதான் குடிக்க முடிந்தது.

ரெண்டு நாளில் சரியாகிவிடும். ஜூலையில் நீ வரும்போது ஸ்டேஷனில் முழு வாத்தியக் குழுவோடு நிற்பேன். அந்த டிக்கெட் பரிசோதகரையும் கூப்பிடலாம்.

உன் நெகோவன்


ஸ்டுட்கார்ட், 1972 மார்ச் 30

அன்புள்ள நெகோவனுக்கு,

நான் நலம். உன் காய்ச்சல் தணிந்ததா என்று தெரியாமல் கை வேலையில் நிற்கவில்லை.

நம் நாட்டில் பெரியம்மை பரவுகிறது என்று இங்கே எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. சாலைகளை மறித்திருக்கிறார்கள், ஊர் ஊராகத் தடுப்பூசி போடுகிறார்கள் என்கிறார்கள். உண்மையா? நேற்று தொழிற்சாலையில் யுகோஸ்லாவியர்களை மட்டும் தனி வரிசையில் நிற்க வைத்து ஊசி போட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜெர்மன்காரிகள் எங்கள் மேசைக்கு அடுத்த மேசையில் உட்காருவதில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் நம் பெண் ஒருத்திக்கு முகத்தில் பரு வந்ததற்கே அவளைத் தனி அறையில் பூட்டி வைத்தார்களாம். விடுதிக்கும் பூட்டுப் போட்டார்களாம்.

நீயும் மாமாவும் ஊசி போட்டுக்கொண்டீர்களா? மாமா ஊசிக்குப் பயந்து களத்துமேட்டுப் பக்கம் ஓடிப்போயிருப்பார். பிடித்து வந்து போடச் சொல்.

உன் காய்ச்சல் வெறும் காய்ச்சல்தானே? இரண்டு வரியாவது எழுது.

உன் கோசரா


ஸ்டுட்கார்ட், 1972 ஏப்ரல் 10

நெகோவன்,

நேற்று நம் ஈஸ்டர். அன்கிட்சா கத்தோலிக்கக்காரி, அவளுக்குப் போன வாரமே முடிந்துவிட்டது. ஆனாலும் எனக்காக வெங்காயத் தோலில் முட்டை வேகவைத்துச் சிவப்பாக்கித் தந்தாள். முட்டையோடு முட்டை மோதி உடைக்க அவளைத் தவிர யாரும் இல்லை.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்காதே என்று விடுதி மேற்பார்வைக்காரி திட்டிவிட்டாள். கிராமத்துக் கூட்டுறவுக் கடைக்கு டெலிபோன் போட்டுப் பார்த்தேன். யாரோ எடுத்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் "ஆள் இல்ல" என்று வைத்துவிட்டார்கள். ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு முடிக்கிறேன். வேறு எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

கோசரா


டுபோவாக், 1972 ஏப்ரல் 17

கோசராவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். எழுதாதே என்று தம்பி நெகோவன் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டால் உனக்கு யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். அதனால் மூத்தவள் நான் எழுதுகிறேன்.

நீ போன அடுத்த வாரமே அவன் படுத்துவிட்டான். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வாய் முழுக்கக் கொப்புளம், ஈறெல்லாம் ரத்தம், தண்ணீர் இறங்கவில்லை. விழாவுக்குப் போக வேண்டுமென்று அந்த நிலையிலும் சவரம் செய்திருக்கிறான் மடையன். தாடை முழுவதும் பரவிவிட்டது. அப்போதுதான் ரேடியோவில் பெரியம்மை என்று சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரன் ஓடிப்போய் நகரத்தில் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

முகமூடி போட்டவர்கள் வந்து தம்பியைக் கூட்டிப்போனார்கள். நகரத்துக்கு வெளியே இருக்கும் தங்கும் விடுதியை முள்கம்பி கட்டித் தனிமுகாம் ஆக்கியிருந்தார்கள். வண்டியில் ஏறும்போது அப்பா வாசலில் நின்று, "ட்ரம்பெட்டை எடுத்துட்டுப் போடா, பொழுது போகும்" என்றார். "வாய் இருக்கிற லட்சணத்துக்கு ட்ரம்பெட் ஒண்ணுதான் கொறச்சல்" என்று இவன் சிரித்தான். அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

அப்பா போய்விட்டார், கோசரா. ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. சாலையை மறித்திருந்ததால் டாக்டர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. அன்று முழுக்க, "அவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "வழியில இருக்கான்பா" என்றேன். "வழின்னா எந்த வழி?" என்று கேட்டார்.

கூட்டம் கூடக் கூடாதென்று உத்தரவு. அடக்கத்துக்கு ஆறு பேரைத்தான் விட்டார்கள். அறுபது வருஷம் ஊரில் அத்தனை பேருக்கும் ஊதிய மனுஷன். மிலிசாவ் கோட்டுக்குள் ட்ரம்பெட்டை மறைத்துக்கொண்டு வந்தான். கல்லறை வாசலில் நின்ற போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மண் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

போன வியாழக்கிழமை தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது பெரியம்மையே இல்லையாம். சாதாரண உதட்டுக் கொப்புளம்தான் முதல் தடவை வரும்போது சிலருக்கு அப்படி மோசமாக வருமாம். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு வருமாம். இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவன் படுப்பதற்கு முந்தின வழியனுப்பு விழாவில் பாட வந்த ஒரு நகரத்துப் பாடகியின் பெயரைச் சேர்த்துப் பேசுகிறார்கள். "பொண்டாட்டி ரயிலேறினதும் பாட்டுக்காரிகூட ஒட்டிக்கிட்டான், அப்பன் சாவுக்குக்கூட வர முடியல" என்று கிணற்றடியில் என் காதுபடவே சொன்னாள் ஒருத்தி. நான் அவனிடம் கேட்டேன். "போகட்டும் விடுக்கா" என்கிறான். இல்லை என்று சொன்னால் நம்பியிருப்பேன். அதைச் சொல்லமாட்டேன் என்கிறான்.

உனக்கு ஏதாவது தெரிந்தால் எனக்கு எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்தமேனா


டுபோவாக், 1972 ஏப்ரல் 20

என் கோசரா,

முதலில் என் நலம். பூரணமாகத் தேறிவிட்டேன். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. சாலைகளை மறித்திருந்ததால் தபால் போகவில்லை.

ஒரு துக்கச் செய்தி எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. அப்பா இந்த மாதம் நான்காம் தேதி நம்மை விட்டுப் போய்விட்டார். கஷ்டப்படவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உன்னைப் பற்றி விசாரித்தார். "அந்தப் பொண்ணை ரொம்ப நாள் அங்க விட்டு வெக்காதே" என்றார்.

அடக்கம் நன்றாக நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. அவருக்குப் பிடித்த அந்த மெதுவான அணிநடை இசையை நான் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

நீ அழாதே. வேலையில் கவனமாக இரு.

உன் நெகோவன்


ஸ்டுட்கார்ட், 1972 மே 3

நெகோவன்,

நான் உடம்பளவில் நலம்.

உன் கடிதத்துக்கு முன்பே அக்காவின் கடிதம் வந்துவிட்டது. அவர்மேல் கோபப்படாதே. நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். இரண்டு தடவை வாசித்தேன், ஒரு சுரம்கூடப் பிசகவில்லை என்ற இடம் வரும்போதெல்லாம் தாளை மடித்து வைத்துவிடுவேன். மாமாவுக்காக அழுததைவிட அந்த வரிக்காக அழுததுதான் அதிகம்.

போன வாரம் என் உதட்டில் மறுபடியும் வந்தது. தொழிற்சாலை டாக்டரிடம் போனேன். மொழிபெயர்க்க நம் நாட்டுக்காரி ஒருத்தி இருக்கிறாள். ரகசியத்தைக்கூடச் சந்தையில் கூவுகிற மாதிரிதான் சொல்வாள். வெளியே வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்க, "டாக்டர் கேக்குறாரு, இது இருக்கும்போது யாருக்காவது முத்தம் குடுத்தியான்னு" என்றாள்.

"புருஷனுக்கு."

"அவனுக்கு இதுக்கு முன்ன வந்திருக்கான்னு கேக்குறாரு."

"வந்ததில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். அவள் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது முத்தத்துலதான் ஒட்டுமாம். கொப்புளம் காயுற வரைக்கும் கிட்டவே போகக் கூடாதாம். ஒருதடவை வந்துட்டா உடம்பை விட்டுப் போகாதாம், நரம்புல போய் ஒளிஞ்சுக்குமாம். அவ்வளவுதான். நீ எழுந்திரு, அடுத்தவங்க வரணும்."

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வரும். எனக்கு வரும். பயந்தால் வருவது, பார்க்கக் கூடாததைப் பார்த்தால் வருவது என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அது இன்னொருவருக்குப் போகும் என்று யாரும் சொன்னதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகத்தான் அன்றைக்கு உன்னைத் தடுத்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல். என்னிடமிருந்துதானே வந்தது? அதனால்தானே மாமா சாகும்போது நீ அங்கே இல்லை?

கோசரா


டுபோவாக், 1972 மே 16

என் கோசரா,

உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எதையெதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். எனக்கு வந்தது பயத்தால் வந்தது. ஆற்றங்கரையில் ஒரு நாய் துரத்தியது, உனக்கு எழுத மறந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே வாய் வெந்துவிட்டது. ஜெர்மன் டாக்டருக்கு நம் ஊர் நாய்களைப் பற்றி என்ன தெரியும்?

அடக்கத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு. நீ தூரத்தில் இருக்கிறாய். நல்ல அடக்கம் ஒன்றையாவது உனக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

வாத்தியக் குழுவில் எல்லோரும் சுகம். முதல் ட்ரம்பெட்டை மிலிசாவ் வாசிக்கிறான். அது இந்தப் பருவத்துக்கு மட்டும்தான். எனக்கு மேலுதட்டின் நடுவில், சரியாக ட்ரம்பெட்டின் ஊதுவாய் உட்காருகிற இடத்தில், ஒரு தழும்பு விழுந்திருக்கிறது. அழுத்தி ஊதினால் இரண்டாம் நாளே கொப்புளம் கிளம்புகிறது. அது ஆறுகிற வரைக்கும் பெரிய மேளத்தை அடிக்கிறேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் முன்னால் கால் வைக்கிற இடம் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் வாய்க்காலில் விழுந்தேன். மேளம் மிதந்தது, நான் மிதக்கவில்லை. மணப்பெண்ணே அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஜூலையில் வா. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் நெகோவன்


ஸ்டுட்கார்ட், 1972 ஜூன் 8

அன்புள்ள நெகோவனுக்கு,

நான் சுகம். நீயும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே வெயில் வந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் புது எந்திரம் வந்திருக்கிறது. எங்கள் வரிசையில் என்னைத்தான் அதில் பழக்குகிறார்கள். அதனால் ஜூலையில் விடுப்பு இல்லை. இன்னும் ஒரு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்ல வேலையை விடுவது புத்திசாலித்தனம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தனிப் பொட்டலத்தில் களிம்பு அனுப்பியிருக்கிறேன். கொப்புளம் வரும் என்று உதடு குறுகுறுக்கும்போதே தடவ வேண்டுமாம். உன் துண்டை யாருக்கும் கொடுக்காதே. அக்காவின் பிள்ளைகளைக் கொஞ்சும்போது பார்த்து நடந்துகொள்.

அன்கிட்சாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை அவள் ஊர்க்காரன். நேற்று வாசலில் அவளிடம் விடைபெறும்போது முத்தம் கொடுத்தான். நான் சன்னலைச் சாத்திவிட்டேன்.

வெயிலில் தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்.

கோசரா


டுபோவாக், 1972 ஆகஸ்ட் 13

என் கோசரா,

நான் நலம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

இரண்டு மாதம் எழுதவில்லை. ஜூலையில் உன் விடுப்பு தொடங்க வேண்டிய நாளில் ஸ்டேஷனுக்குப் போனேன். வரமாட்டேன் என்று நீ எழுதியிருந்ததும் தெரியும், அந்த ரயிலில் நீ இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் போனேன். எல்லோரும் இறங்கினார்கள், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் திரும்பி வரும்போது, உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னைத் துரத்திவிட்டேன் என்று புரிந்தது. நாய் எதுவும் என்னைத் துரத்தவில்லை, கோசரா.

உன்னிடமிருந்துதான் வந்தது. தனிமுகாமில் முதல் நாளே தெரிந்துவிட்டது. அங்கே ஓர் இளம் டாக்டரம்மா. கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி கேட்டாள். எங்கே போனீர்கள், யாரைத் தொட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள். என்னிடம் மட்டும் இன்னொன்று கேட்டாள்.

"யாருக்காவது வாயில முத்தம் குடுத்தீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டே ஆகணும்."

"யாருக்கும் இல்ல."

"வீட்டம்மா?"

"அவ ஜெர்மனியில இருக்கா. ரொம்ப நாளாச்சு போய்."

அவள் என் கண்ணையே பார்த்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டாள். உன் உதட்டில் இருந்ததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்டுட்கார்ட்டுக்குத் தந்தி போயிருக்கும். உன் விடுதியைப் பூட்டியிருப்பார்கள். உன்னைத் தனி அறையில் அடைத்து, தெரியாத மொழியில் கேள்வி கேட்டிருப்பார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் நடந்ததை நீ எழுதிய கடிதத்தை வெளியே வந்த பிறகுதான் படித்தேன். ஆனால் காவலுக்கு நின்ற பையன் அதே மாதிரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை மூடினாலும் வலித்தது.

அப்பா போன செய்தியை அந்த டாக்டரம்மாதான் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இருந்தது. அழுதுகொண்டிருந்ததால் வரவில்லை என்று நினைக்கிறேன். என்னை வெளியே அனுப்பிய நாளில் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"உங்க வீட்டுல யாருக்கும் உதட்டுக் கொப்புளம் வர்ற வழக்கம் இல்லையா?"

"மனைவிக்கு வரும்."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"ரயில் ஏறும்போது."

முகமூடியை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "முதல் நாளே சொல்லியிருந்தா, ஒரு வாரத்துல உங்களை அனுப்பச் சொல்லி நான் சண்டை போட்டிருப்பேனே" என்றாள். திட்டவில்லை. அப்படித்தான் மெதுவாகச் சொன்னாள்.

ஒரு வாரத்தில் என்றால் அப்பா உயிரோடு இருந்திருப்பார். இந்தக் கணக்கை நான் நிறைய நாள் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் எத்தனை தடவை மனதுக்குள் அந்த அறையில் போய் உட்கார்ந்தாலும், அவள் கேட்கும்போது "யாருக்கும் இல்ல" என்றுதான் என் வாயில் வருகிறது. அப்பா சாகப்போகிறார் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

நீ ஒன்று யோசித்துப் பார். உனக்கு இதைக் கொடுத்தது உன் அம்மாதான். தொட்டிலில் குனிந்து கொஞ்சியபோது கொடுத்திருப்பார். அதற்காக அவரை நீ வெறுப்பாயா? ஸ்டேஷனில் நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். கேட்டு வாங்கிக்கொண்டது நான்.

ட்ரம்பெட்டை மிலிசாவின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தப் பருவத்துக்கு மட்டும் என்று எழுதியதும் பொய்தான். இனி என்னால் வாசிக்க முடியாது. அதைக் கையில் கொடுத்த அன்று களத்துமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேளத்துக்கு உதடு வேண்டாம், கோசரா. என் உதட்டுக்கு இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அதையும் நீ பிடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

உன் நெகோவன்


ஸ்டுட்கார்ட், 1972 ஆகஸ்ட் 29

அன்புள்ள நெகோவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மற்றபடி நலம். நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று எழுதியதை நம்புகிறேன்.

அன்றைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கலாம் நீ. விடுதியைப் பூட்டியிருப்பார்கள், வேலை போயிருக்கும், பெண்கள் எல்லோரும் என்னைச் சபித்திருப்பார்கள். போகட்டுமே. வேறு தொழிற்சாலை கிடைத்திருக்கும். உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

தொழிற்சாலை மேற்பார்வைக்காரியிடம் போய், மாமனாரின் ஆறாம் மாத நினைவு நாளுக்குப் போக வேண்டும், விடுப்பு தராவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னேன். மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் தேதி காலை ரயிலில் வந்து இறங்குவேன்.

கல்லறையில் படைக்கக் கோதுமை வேகவைத்து வைக்கச் சொல்லி அக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வேறு ஒன்றையும் அதில் எழுதவில்லை. அதை நேரில்தான் சொல்ல வேண்டும். கல்லறையில் ஊர் கூடியிருக்கும்போது, கிணற்றடியில் பேசியவளும் நிற்கும்போது, "அந்தப் பாட்டுக்காரியை விடுங்க. என்கிட்டேர்ந்துதான் அவருக்கு வந்துச்சு. பிளாட்பாரத்துல எல்லாரும் பாக்க நான்தான் குடுத்தேன்" என்று சொல்வேன். நீ குறுக்கே பேசக் கூடாது. நாய் கதையும் சொல்லக் கூடாது.

அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியும். ஊரிடம் சொல்ல வேண்டியதும் தயாராக இருக்கிறது. மாமாவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவன் எந்த வழியில் வருகிறான் என்று கேட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்வேன்? ரயிலில் யோசித்துக்கொண்டே வருகிறேன். அவர் கல்லறைக்கு முன்னால் வந்து நிற்கும்வரை ஒன்றும் தோன்றாவிட்டால், நீ என் பக்கத்தில் வந்து நில். போதும்.

உன் கோசரா